எலிகளுக்குத் தெரிந்த சத்தம்

எந்திரிக்கக் கூடாது. பதினோரு மணிக்கு மில்லுச் சங்கு ஊதுகிற வரைக்கும் இந்த ஸ்டூலை விட்டு நகரக் கூடாது, இருமக் கூடாது, யாராவது வராந்தாவில் வந்தால் கையைக் காட்டித்தான் நிறுத்த வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு ஒரு வேலையா, அதைத்தானே பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். "சுதா, இண்ணைக்கு நீங்க ஒரு சிலை, கேட்டியளா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் சுகிர்தா மேடம் கதவைச் சாத்தினாங்க, ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, கண்ணுக்குப் போகவில்லை, ராத்திரி தூங்கின கண்ணாகவும் இல்லை. கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிகிறது. உள்ளே முதலில் மேடமும் கம்ப்யூட்டரும், அதற்கப்புறம் ஒரு கறுப்புத் திரை, திரைக்கு அந்தப்பக்கம் எட்டுப் பெட்டி, பெட்டிக்கு ஒன்றாக எட்டு எலி. நான் இடது கால் விரல்களை உள்பக்கமாக மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடக்கினால்தான் மெட்டி தரையில் படாது. எவ்வளவு நேரம் மடக்கி வைக்க முடியும், கெண்டைக்கால் இப்போதே இழுக்கிறது. மடக்காமல் விட்டால்தான் என்ன, உட்கார்ந்திருக்கிற காலில் சத்தம் வராது, அது எனக்குத் தெரியும், வியாழக்கிழமையே தெரிந்துகொண்டேன், தெரிந்தும் கால் தானாக மடங்கிக்கொள்கிறது. பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா.

உள்ளே பீ என்று ஆரம்பித்துவிட்டது. இது முதல் சத்தம். ரெண்டு நிமிஷம் ஒரே இழுப்பாக இழுக்கும், நிற்கும், எட்டு நிமிஷம் சும்மா இருக்கும், மறுபடி இழுக்கும், மொத்தம் நாலு தடவை. நான் காதைக் கதவுப்பக்கம் திருப்பி எண்ணுகிறேன். பெட்டிக்குள்ளே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், விரல் நீளம்தான், எலி அதை முன்னங்காலால் அழுத்தினால் டொக் என்று கேட்கும். ஒரு டொக். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் எங்கேயோ ஒரு பெட்டியில் பிறாண்டுகிற சத்தம். அவ்வளவுதான். பீ நின்றுவிட்டது. மேடம் இப்போது எப்படி உட்கார்ந்திருப்பாங்க என்று தெரியும், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. ஒருநாள் அவங்களே எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாங்க, நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு ஏது நாக்கு, பெட்டியைத் துடைத்துக்கொண்டு அவங்க பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. "பாருங்க சுதா, முதல் மாசம் என்ன செஞ்சோம்? பீ கேட்டா இனிப்பு மாத்திரை தானா கிண்ணத்துல விழும். அது எதுவும் செய்யண்டாம், சும்மா இருந்தாலும் விழும். ரெண்டாம் மாசம் சத்தமே கெடையாது, கம்பிய அமுக்கினா மாத்திரை. சத்தம் வேற, கம்பி வேற. ரெண்டையும் நாம ஒருநாளும் சேர்த்துச் சொல்லிக்குடுக்கல்ல. கடைசியில மாத்திரையே கெடையாதுண்ணு வச்சுட்டு, கம்பிய மட்டும் உள்ள விட்டு, பீ போட்டா என்ன செய்யும்? சத்தம் கேட்டதும் கம்பிய கூடுதலா அமுக்குமா? ஒண்ணும் வராதுண்ணு தெரிஞ்சும் அமுக்குமா? அதாக்கும் கேள்வி." நான் தலையை ஆட்டினேன். அமுக்கும் மேடம் என்று சொல்லத் தோன்றியது. கட்டாயம் அமுக்கும். எனக்கு அது எலியைப் பார்க்காமலே தெரியும், என் உடம்பே அப்படித்தானே இருக்கிறது. ஆனால் அதை எப்படி மேடத்திடம் சொல்வது, மாரைப் பற்றியெல்லாம் பேச முடியுமா.

இந்தப் பதினோரு மணிச் சங்கு இருக்கிறதே. பாப்பா பிறந்து ஆறு மாதம் வீட்டில் இருந்தேன், மில்லுக்குப் பின்னால்தான் வீடு, சங்கு ஊதினால் அவளுக்குப் பால் கொடுக்கிற நேரம், வேறு கடிகாரம் கிடையாது. அப்புறம் இந்த வேலைக்கு வந்தேன், பகலில் அத்தை பாட்டிலில் பசும்பால் கொடுத்துக்கொள்கிறாங்க, நாலு மாதம் ஆகிவிட்டது. இப்போதும் சங்கு ஊதினால், ஊதி முடிக்கக்கூட வேண்டாம், அந்த முதல் ஊ கிளம்பும்போதே ரெண்டு பக்கமும் ஊசி குத்துகிற மாதிரி ஆகி ஜாக்கெட் நனைந்துவிடுகிறது. பிள்ளை எங்கேயோ இருக்கிறாள், நான் எலிப் புழுக்கையைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன், பால் யாருக்கு? யாருக்கும் இல்லை. இருந்தாலும் வருகிறது. நின்றுபோ என்று சொன்னாலும் நிற்காது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டுதான் வருகிறேன். முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது வெட்கத்தோடு ஒரு ஆச்சரியம். சங்குக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம், சங்கா பால் குடிக்கப்போகிறது. பாப்பா மட்டும் என்ன, அவளும் அப்படித்தான். ஒன்று இருபது பஸ்ஸில் நான் இறங்குவேன், ஸ்டாப் வீட்டுக்கு எதிரே, டிரைவர் ஹாரன் அடித்துத்தான் திரும்புவார். இப்போது எந்த பஸ் ஹாரன் அடித்தாலும் பாப்பா வாசற்படிக்குத் தவழ்ந்து போகிறாளாம். "ஏம்புள்ள, இவளைய ஆசுபத்திரியில பெத்தயா பஸ்சுல பெத்தயா? டவுன் பஸ்ஸு போனாலும் ஓடுறா, காலேஜு பஸ்ஸு போனாலும் ஓடுறா, சாயங்காலத்துக்குள்ள முட்டிக்கால் தோலு வழண்டு போகுது" என்று அத்தை ஏசுறாங்க. ஏசுவது மாதிரி சிரிக்கிறாங்க, சிரிப்பது மாதிரி ஏசுறாங்க, எதுவென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பாப்பா என் மடியில் உட்கார்ந்து என் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஹாரன் கேட்டது. விலுக்கென்று நிமிர்ந்தாள். மடியை விட்டு இறங்கினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசற்படிக்குத் தவழ்ந்து போய், நிலைக்காலைப் பிடித்து எழுந்து நின்று, என்னைத் தேடினாள். நான் அவளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன், அவள் வாசலில் நின்று நான் வருகிறேனா என்று பார்க்கிறாள். பாப்பா, அம்மா இங்கிருக்கேன் சாமி என்று சொன்னேன், சொன்ன பிறகும் திரும்பவில்லை, பஸ் தெருமுனை தாண்டுகிற வரைக்கும். எனக்கு அழுகை வரவில்லை. அவள் தலைக்குள்ளே இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் யோசித்தேன். மடியிலா, பஸ்ஸிலா.

ரெண்டாவது பீ. டொக். டொக் டொக். நின்றுவிட்டது. அஞ்சாம் பெட்டியாக இருக்கும், நாமக்காரன், நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் அவனுக்கு ஒரு பழுப்புக் கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. ஒவ்வொன்றும் ஒரு தினுசு. மாத்திரை வரப்போகிறது என்று தெரிந்தால் மூணாவது நேராகக் கிண்ணத்தில் மூக்கை விட்டுக்கொண்டு காத்திருக்கும். நாமக்காரன் கிண்ணத்துப் பக்கமே போகமாட்டான், கம்பியை நக்குவான், கடிப்பான், கட்டிப் பிடிப்பான், கம்பிதான் இனிப்பு என்பது மாதிரி. ஏழாவது சுற்றிச் சுற்றி வரும். ஒரே வயதுதான், ஒரே தீனிதான், ஏன் ஒன்று சோற்றைப் பார்க்கிறது, இன்னொன்று சோறு வருகிற வழியைப் பார்க்கிறது? இதை யாரிடமாவது கேட்க ஆசை. மருதாசலண்ணனிடம் ஒருநாள் கேட்டேன், எலிக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு, இருபது வருசமாக இருக்கிறார். "ஏனம்மணி, மனுசனே ஒருத்தன் சம்பளத்தைப் பாக்கறான், ஒருத்தன் சம்பளம் குடுக்கற ஆபீசர் மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறான், எலி மட்டும் ஒண்ணாட்டமா இருக்கும்?" என்றார். அப்புறம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "நம்ம எலி மேடம் டவுட்டு கேக்கறாங்கடோய்" என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து கேட்பதில்லை. எட்டாம் வகுப்பில் சயின்ஸ் டீச்சர் கேள்வி கேட்டு என்னை எழுப்பிவிட்டபோதும் இப்படித்தான், பதில் தெரியும், தொண்டை வரைக்கும் வந்து நின்றது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான், பதில் கீழே இறங்கிவிட்டது. "இதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது, உக்காரு" என்றாங்க. உட்கார்ந்தேன். அந்த வருசத்தோடு நின்றுவிட்டேன், அந்த வார்த்தையால் இல்லை, வீட்டு நிலைமை, இருந்தாலும் அந்த வார்த்தை மட்டும் இன்னும் சொன்ன குரலோடு அப்படியே இருக்கிறது. புதன்கிழமை அதே வார்த்தையை மறுபடி கேட்டேன். மேடத்துக்கு மேலே இருக்கிற பெரிய சார் வந்திருந்தார், வராந்தாவில்தான் பேசினார்கள், நான் மாப்பு போட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு தடவை சோதித்தும் சரியாக வரவில்லையாம். பீ இழுக்கும்போது எலிகள் பாட்டுக்குச் சும்மா இருக்கிறதாம், சத்தமில்லாத நேரத்தில் திடீரென்று எட்டும் சேர்ந்து அமுக்குகிறதாம், காரணமே இல்லாமல். "இந்த செட்டுக்கு மண்டையில ஒண்ணும் ஏறலம்மா. சனிக்கிழமை கடைசியா பாரு. அன்னைக்கும் இப்படித்தான்னா இதை முடிச்சிட்டுப் புது செட் எடு" என்றார். மேடம் சரி சார் என்றாங்க. அவர் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாங்க. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, துடைத்த இடத்தையே துடைத்தேன். புது செட் என்றால் குட்டி வளர்வதிலிருந்து மறுபடி எல்லாம், ஆறு மாதம். முடிப்பது என்றால் மூடி போட்ட ஒரு நீல டப்பா, அதில் ஒரு கேஸ் குழாய். "நோவாதுங்கம்மணி, தூங்கற மாதிரிதான் போயிரும்" என்று மருதாசலண்ணன் சொன்னார். இன்றைக்குக் காலையில் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நான் வரும்போது பார்த்தேன், வெயிலில் காய்கிறது.

காரணமே இல்லாமல் என்று சார் சொன்னாரே, எனக்கு மாப்புக் குச்சி கையிலேயே நின்றுவிட்டது. காரணம் இருக்கிறது. காரணம் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அது ஒரு சந்தேகம்தான், சோதித்தபோதெல்லாம் நான் வெளியே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன், ஒரு தடவை மாப்பு போட்டேன், ஒரு தடவை தண்ணீர் பிடிக்கக் குழாய்க்கும் ரூமுக்கும் நடந்தேன். வியாழக்கிழமை மேடம் கிளாஸுக்குப் போன பிறகு ஒன்று செய்தேன். எலிகள் கூண்டில் படுத்திருந்தன. கையில் தீனி எதுவும் எடுக்காமல், அவை பார்க்க முடியாதபடி கதவுக்கு இந்தப்பக்கம் நின்று, எப்போதும் போல நடந்தேன். டிக். டிக். டிக். போய் எட்டிப் பார்த்தால் எட்டும் எழுந்து கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. அவை படுக்கிற வரைக்கும் காத்திருந்தேன், கால் மணி ஆனது. அப்புறம் விரலை மடக்கிக்கொண்டு நடந்தேன். எட்டிப் பார்த்தேன், ஒன்று காதைச் சொறிந்துகொண்டிருந்தது, மற்றவை தூங்குகின்றன. மறுபடி காத்திருந்தேன். மெட்டியைச் சுற்றி நூலைக் கட்டிக்கொண்டு நன்றாக மிதித்து நடந்தேன். தூக்கம். நூலை அவிழ்த்துவிட்டு நடந்தேன். எட்டு மூக்கு. எனக்கு வந்தது பயம் இல்லை, என்னமோ கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக் கரண்டியில் துழாவித் துழாவிக் கடைசியில் அது மாட்டுமே, அந்த மாதிரி. இன்னொரு தடவை செய்து பார்க்கலாம், இன்னொரு தடவை என்று ஒன்று இருபது பஸ்ஸை விட்டுவிட்டேன். அப்புறம் அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது, இதை மேடத்திடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்னைப் பற்றி மற்றதையும் சொல்ல வேண்டும்.

மற்றது என்னவென்றால் செருப்பு. ரூமுக்குள்ளே போனால் அங்கிருக்கிற ரப்பர் செருப்பைத்தான் போட வேண்டும் என்று காகிதத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தச் செருப்பு எப்போதும் ஈரம், ஆம்பளைச் சைஸ், முதல் வாரமே வழுக்கி ஒரு பெட்டி மேல் கையை ஊன்றிவிட்டேன். வெறுங்கால்தான் சத்தமில்லாத கால் என்று நானே முடிவு செய்து கழற்றிப் போட்டேன். மெட்டியை நினைக்கவே இல்லை. மெட்டியை யார் நினைப்பார்கள், அது காலில் இருக்கிறது, அவ்வளவுதான். பாப்பா வயிற்றில் இருந்தபோது கால் வீங்கி மெட்டி சதையில் புதைந்துவிட்டது, கழற்றவே கூடாது என்று அத்தை நின்றுவிட்டாங்க, மாமியார் நிற்கும்போது யார் கழற்றுவது. என் வீட்டுக்காரர் போர்வெல் லாரியிலிருந்து லீவில் வந்திருந்தார், கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டு மெட்டி வாயைக் கொஞ்சம் அகட்டிவிட்டார், "லாரி வேலை பாத்தவனை மெட்டி வேலை பாக்க வெச்சிட்டயே" என்றார். பிள்ளை பிறந்து வீக்கம் வடிந்தது, கால் பழையபடி ஆனது, மெட்டி ஆகவில்லை. அகட்டினவர் ஒரிசாப்பக்கம் குழி போட்டுக்கொண்டிருக்கிறார், வந்தால்தான் நெருக்குவார். அதுவரைக்கும் இடது கால் ரெண்டாம் விரலில் அது லொடலொடத்துக்கொண்டு, டைல்ஸில் ஒவ்வொரு எட்டுக்கும் டிக். அதோடு பீ பழக்கின அந்த முதல் மாதம் ஐப்பசி மழை. எல்லாம் அந்த மழையில் வந்தது. ஈரத்தில் மாத்திரை ஊதிப்போய்க் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். பத்து மணிக்கு மேடம் மெஷினைப் போட்டுவிட்டுக் கிளாஸ் எடுக்கப் போய்விடுவாங்க, பார்த்துக்கொள்வது நான். பீ இழுக்கும், மாத்திரை விழாது. எலி கிண்ணத்தில் மூக்கை விட்டுப் பார்க்கும், ஒன்றும் இருக்காது. நான் எழுந்து ரூமுக்குள்ளே போவேன், டிக் டிக் டிக், விளக்குமாற்று ஈர்க்குச்சியால் ஒவ்வொரு குழாயாகக் குத்திவிடுவேன், பொலபொலவென்று மூணு நாலு சேர்ந்து விழும். எட்டுப் பெட்டியிலும். அந்த மாதம் முழுவதும். சிக்கினால் நோட்டில் எழுத வேண்டும், எத்தனை தடவை, எந்தப் பெட்டி, எத்தனை மணி. எழுதவில்லை. அவ்வளவு நீளமாக எழுதினால் மேடம் படிப்பாங்க, கேள்வி கேட்பாங்க, நான் நின்று பதில் சொல்ல வேண்டும். சரி என்று மட்டும் எழுதினேன். தேதி, சரி. தேதி, சரி. சரிசெய்துவிட்டேனே, அப்போது சரிதானே என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்த எலிகள் எதைக் கற்றுக்கொள்ளும்? பீ என்பது வெறும் சத்தம், வந்தாலும் வரும் வராமலும் போகும். டிக் டிக் என்றால் நிச்சயம். அவைதான் சரியாகக் கற்றிருக்கின்றன. நடந்தது எதுவோ அதைக் கற்றிருக்கின்றன. நோட்டைத்தான் நான் தப்பாக எழுதினேன். மண்டையில் ஏறவில்லையாம். ஏறாமலா நூல் கட்டின காலுக்கும் கட்டாத காலுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

மூணாவது பீ. எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு டொக், அதுவும் தெரியாமல் கால் பட்டதாக இருக்கலாம். உள்ளே நாற்காலி நகர்கிறது. மேடம் மூச்சு விடுவது இங்கே வரைக்கும் கேட்கிறது, இல்லை, அது நான் விடுகிற மூச்சு. இன்றைக்கு நான் உட்கார்ந்திருப்பதால் சத்தமில்லாத நேரத்திலும் அவை சும்மாதான் இருக்கின்றன, எப்போதும் சும்மா, அப்போது எட்டும் மக்கு எலி என்று முடிந்துவிடும், பதினோரு மணிக்கு மேடம் வெளியே வந்து, போதும் சுதா, மருதாசலண்ணனைக் கூப்பிடுங்க என்று சொல்லுவாங்க, நான் தலையை ஆட்டிக்கொண்டு போய்க் கூப்பிடுவேன். காலையிலேயே சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது வார்த்தையை அடுக்கினேன், மேடம், என்ற மெட்டிங்க மேடம், மழைக்கு மாத்திரை சிக்குச்சுங்க மேடம். கேட்டைத் தாண்டினதும் முதல் வார்த்தை போய்விட்டது. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ரெண்டு மாதத்துக்கு முன்னால், "நீங்கதான் நாள் முழுக்க இதுக கூட இருக்கியோ, எதாவது வித்தியாசமா பாத்தா சொல்லுங்க சுதா, சும்மா சொல்லுங்க" என்று கேட்டாங்க. நீ என்ன பார்த்தாய் என்று எட்டாவது டீச்சர் கேட்கவில்லை, அத்தை கேட்கவில்லை, அவர்கூடக் கேட்டதில்லை. ஒண்ணும் இல்லீங் மேடம் என்று சொன்னேன். சொல்வதற்குக் கிண்ணம் கிண்ணமாக எனக்குள்ளே இருந்தது. இப்போது எழுந்து கதவைத் தட்டலாமா? தட்டினால் என்ன சுதா என்பாங்க, அந்த என்ன சுதாவுக்கு நான் நின்றுவிடுவேன், எட்டாவது வகுப்பில் நின்ற மாதிரி, கதவு மறுபடி சாத்திக்கொள்ளும், சோதனையும் கெட்டிருக்கும். சொன்னால் வேலை போகும், கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. வேலை போனால் வீட்டில்தான், சங்குக்குப் பால், ஹாரனுக்குப் பாப்பா மடியை விட்டு ஓட வேண்டாம், அத்தைக்கும் சந்தோஷம்தான். ஆனால் மூணாவது ஏன் கிண்ணத்தைப் பார்க்கிறது, நாமக்காரன் ஏன் கம்பியைப் பார்க்கிறான் என்று அப்புறம் எனக்குத் தெரியவே தெரியாது. நாமக்காரனும் இருக்கமாட்டான். வெயிலில் அந்த டப்பா இந்நேரம் காய்ந்திருக்கும்.

கடிகாரத்தில் பத்து அம்பது. இன்னும் அஞ்சு நிமிஷத்தில் கடைசி பீ. இப்போது சத்தமில்லாத நேரம். கால் மரத்துவிட்டது, மடக்கின விரலை நீட்டினேன், எறும்பு ஊறுகிற மாதிரி ரத்தம் இறங்குகிறது. வியாழக்கிழமை கதவுக்கு இந்தப்பக்கம் நின்றபோது பயமாக இல்லையே என்று நினைத்துக்கொள்கிறேன், அப்போது யாரும் என்னைப் பார்க்கவில்லை, எலிகள் மட்டும்தான் கேட்டன. இப்போதும் யாரும் பார்க்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று முடிவு செய்தேனா என்று கேட்டால் தெரியாது, ஸ்டூல் பின்னால் போய்விட்டது, நான் நிற்கிறேன். எப்போதும் போல நடக்க வேண்டும், ரொம்ப மிதிக்கவும் கூடாது, பதுங்கவும் கூடாது. வராந்தாக் குழாய் வரைக்கும் பன்னிரண்டு எட்டு. டிக். டிக். டிக். நாலாவது எட்டில் உள்ளே ஒரு டொக். அப்புறம் ரெண்டு. அப்புறம் தகரக் கூரையில் முதல் தூறல் பெரிய மழையாகிற மாதிரி எட்டுப் பெட்டியும் சேர்ந்து டொக்டொக்டொக்டொக் என்று, எனக்கு எது எந்தப் பெட்டி என்று பிரிக்கவே முடியவில்லை, குழாயடியில் நின்றேன், மழை மெதுவாகக் குறைந்தது, திரும்பி நடந்தேன், மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கதவு திறந்தது.

"சுதா! எழும்பக்கூடாதுண்ணு சொன்னேன்லா?" மேடம் கத்தவில்லை, கிசுகிசுவென்றுதான் சொன்னாங்க, கத்தியிருந்தால் தேவலை. முகம் வெளுத்திருந்தது. "என்னத்துக்கு இப்பம் எழும்புனீங்க? எல்லாம் ஒண்ணா அமுக்குது, பாருங்க, இனி நான் சாருகிட்ட என்ன காட்டுவேன்?" பதில் தொண்டை வரைக்கும் வந்தது. மேடம், என்ற மெட்டிங்க. வந்து நின்றது. மறுபடி அதே எட்டாம் வகுப்பு, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், டீச்சர் நிற்கிறாங்க, பதில் கீழே இறங்கப் பார்க்கிறது. இறங்கட்டும். நான் இடது காலைத் தூக்கி வைத்தேன். டிக். உள்ளே டொக். மேடம் என் முகத்தைப் பார்த்தாங்க. நான் இன்னொரு எட்டு வைத்தேன். டிக். டொக் டொக். அப்புறம் நின்றேன், விரலை மடக்கினேன், மடக்கின காலோடு மேடத்தைத் தாண்டி அஞ்சு எட்டு நடந்து காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. விரலை நீட்டினேன். டிக். டொக்டொக்டொக். மேடம் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாங்க, அப்புறம் என் காலைப் பார்த்தாங்க, ரொம்ப நேரம் காலையே பார்த்தாங்க, செருப்பு இல்லாத காலை. "செருப்பு?" என்றாங்க. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "எப்பம் தொட்டு?" ஐப்பசி, என்றேன். ஐப்பசி மழைங்க மேடம், மாத்திரை சிக்குச்சுங்க, நான்தான் குத்திவிட்டனுங்க, நோட்டுல எழுதலீங்க. வந்துவிட்டது, எட்டாவதிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் நாலே வார்த்தையில். மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டாங்க. "ரெண்டு மாசம்" என்றாங்க, என்னிடம் இல்லை. "என் தெய்வமே, ரெண்டு மாசம் சரி சரிண்ணு எழுதி வச்சிருக்கியளே சுதா." உள்ளே கடைசி பீ தானாக ஆரம்பித்தது, மெஷினுக்கு எங்கள் சண்டை தெரியாது, ரெண்டு பேரும் ரெண்டு நிமிஷமும் காது கொடுத்துக் கேட்டோம். ஒரு டொக். அவ்வளவுதான். பீ நின்றது. மேடத்தின் முகத்தில் ஏதோ மாறிக்கொண்டிருந்தது, கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் கோபத்துக்குப் பின்னாலிருந்து வேறொன்று எட்டிப் பார்த்தது, நான் அதை அடையாளம் கண்டுகொண்டேன், வியாழக்கிழமை எனக்கு வந்தது அதுதான். "அப்பம் இதுகளுக்குச் சொல்லிக்குடுத்தது நான் இல்ல" என்றாங்க மெதுவாக. "ஆனா இதுக செய்யுது சுதா. மெட்டியையும் கம்பியையும் யாரு சேர்த்துச் சொல்லிக்குடுத்தா? ஒருத்தரும் இல்ல. ஆனாலும் அமுக்குது." குனிந்து, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அந்தத் தரையிலேயே என் காலுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த நோட்டில் சரி என்று நான் எழுதின பக்கத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை எடுத்தாங்க. "செருப்பப் பத்தி நான் உங்ககிட்ட பேசணும், விடமாட்டேன். சாருகிட்டயும் சொல்லணும். அது திங்கக்கிழமை. அதுக்கு முன்ன மருதாசலண்ணன் இதுகள தொடப்பிடாது. இப்பம் நடங்க. பைய. நான் சொல்லும்போ விரல மடக்குங்க."

நடந்தேன். டிக் டிக், உள்ளே மழை. மடக்குங்க, மழை நின்றது. மேடம் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தாங்க. நான் குழாயடியில் திரும்புகிறேன், அப்போது மில்லுச் சங்கு கிளம்பியது. முதல் ஊவிலேயே ரெண்டு பக்கமும் குத்தியது, சேலைத் துணி நனைந்து சூடாக ஒட்டிக்கொண்டது, இந்நேரம் எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்தால் பாப்பா வாசற்படிக்குப் போய்க்கொண்டிருப்பாள். காலைத் தூக்கினவள் அப்படியே நின்று, கதவுப்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். சங்கு எவ்வளவு பெரிய சத்தம், ஜன்னல் கண்ணாடியே அதிர்கிறது. உள்ளே எட்டில் ஒன்றுகூட அசையவில்லை. அவற்றுக்கு அது ஒன்றும் இல்லை. "எழுதிக்கோங்க மேடம்" என்றேன். "சங்குக்கு அதுக வராதுங்க. சங்கு என்னுதுங்க."